ஒரு காலா, இரு காலா? கடற்கரை அணிகள் பயிற்சி நேரத்தை எதில் செலவிடலாம்

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான கடற்கரை ஊர்களில் மாலையில் கால்பந்து உருளாத நாள் அரிது. எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பொழியூரிலும் இதே நிலைதான். மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபிக்கு ஆட்டக்காரர்களை அடுத்தடுத்து அனுப்பியதால் அந்த ஊருக்குச் சந்தோஷ் டிராபி கிராமம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இந்த ஊர்களில் சிறுவர்களைப் பழக்குவோர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர்கள். சொந்த வேலையை முடித்துவிட்டு வந்து, பள்ளி விட்டதற்கும் இருட்டுவதற்கும் இடையே கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில், ஒரே திடலில் எட்டு வயதுச் சிறுவனையும் பதினாறு வயது இளைஞனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை அவர்களுடையது. ஆகவே சிறுவர்களின் பழகாத காலுக்கு, அதாவது இயல்பாகப் பந்தை உதைக்காத மறு காலுக்கு, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது அவர்களுக்கு நடைமுறைக் கேள்வி. அதற்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேறொன்றிலிருந்து எடுக்கப்படுவது.

அவர்கள் முன் நான்கு வழிகள் உள்ளன. பழகிய காலையே மேலும் கூர்மையாக்கலாம். தொடக்கத்திலிருந்தே இரு கால்களுக்கும் சம அளவு பயிற்சி தரலாம். பழகிய காலை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றதைக் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் தேற்றலாம். அல்லது பயிற்சியை மாற்றாமல் ஆட்டக்காரனின் இடத்தை மட்டும் மாற்றி, வலதுகால்காரனை இடது ஓரத்திலும் இடதுகால்காரனை வலது ஓரத்திலும் நிறுத்தலாம். "இரண்டு காலும் வேண்டும்" என்று எல்லாருமே சொல்வார்கள். எவ்வளவு, எந்த வயதில், எதை விட்டுக்கொடுத்து என்று கேட்கும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன.

முதலில் உலகத் தரத்தில் ஆடுவோர் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். 1998ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த உலகக் கோப்பையின் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, 16 அணிகளின் 236 ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு முறையும் எந்தக் காலால் பந்தைத் தொட்டார்கள் என்று எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் வலதுகால்காரர்கள்; பொது மக்களிடையே உள்ள விகிதமும் ஏறக்குறைய அதுவே. இரு கால்களையும் சம அளவில் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. இடதுகால்காரர்களும் வலதுகால்காரர்களைப் போலவே தங்கள் பழகிய காலையே பெரிதும் நம்பியிருந்தார்கள். இதை மட்டும் படித்தால் முதல் வழிதான் சரி என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: பழகாத காலை அவர்கள் அரிதாகவே பயன்படுத்தினாலும், பயன்படுத்தியபோது மற்றக் காலுக்கு இணையான திறனையே காட்டினார்கள். உச்சத்தில் ஆடுபவரின் இரண்டாவது கால் அடிக்கடி இறங்குவதில்லை. இறங்கும்போது சொதப்புவதும் இல்லை. நம் பயிற்சியின் இலக்கையும் இதை ஒட்டியே வகுக்க முடியும் என்பது என் எண்ணம்.

முதல் வழியை ஆதரிப்போருக்கு வலுவான சான்றுகள் உண்டு. நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் வலது ஓரத்தில் பந்தைப் பெற்று, உள்பக்கம் வெட்டி, இடது காலால் அடிப்பார் என்பது எதிரணி டிஃபெண்டருக்கும் தெரியும், கேலரியில் இருப்பவனுக்கும் தெரியும். தெரிந்தும் பல ஆண்டுகள் அதைத் தடுக்க முடியவில்லை. 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 89ஆவது நிமிடத்தில் பாயர்ன் மியூனிக்குக்குக் கோப்பையைத் தந்த கோலும் அந்த இடது காலிலிருந்து வந்ததுதான். மெஸ்ஸியின் கோல்களிலும் பெரும்பங்கு இடது காலுடையது. நம் கரையிலேயே இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இருக்கிறார். ஐ-லீகில் சென்னை சிட்டி அணிக்கு ஆடிப் பெயர் பெற்று, 2019இல் இந்திய அணியில் இடம்பிடித்து, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 2019-20 இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றபோது அதன் இடது ஓரத்தில் ஆடிய அவர் இயல்பான இடதுகால்காரர். இயல்பிலேயே கிடைத்த கூர்மையை மழுங்கவிடாமல் காப்பதும் பயிற்சியாளரின் கடமை என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

இந்த வழியின் பலவீனம் ராபனிடம் தெரியாது. ராபனின் வேகமோ வெட்டோ இல்லாத சாதாரண ஆட்டக்காரனிடம்தான் தெரியும். அவன் வலதுகால்காரன் என்று எதிரணி டிஃபெண்டருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். அதன்பின் அவர் நேராக வந்து மோத மாட்டார். அரையடி விலகி நின்று, வலது பக்க வழியை அடைத்து, இடது பக்கம் மட்டும் திறந்து வைப்பார். பையன் பந்தை வலது காலுக்குக் கொண்டுவர உடம்பைச் சுற்றித் திருப்ப வேண்டும். அந்தச் சுற்றில் போவது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் டிஃபெண்டருக்கு அதுவே போதும். கேரளத்திலும் நம் எல்லையோரத்திலும் ஆடப்படும், அணிக்கு ஏழு பேர் கொண்ட செவன்ஸ் ஆட்டத்தில் திடல் சிறியது, ஆள் நெருக்கம் அதிகம், ஆகவே அந்த அரை நொடியும் கிடைக்காது. பதினொருவர் ஆடும் லெவன்ஸில் நன்றாக ஆடும் பையன் செவன்ஸில் காணாமல் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நான் பார்த்த வரையில் ஒற்றைக் கால் பழக்கம் அவற்றுள் முதன்மையானது.

இரண்டாம் வழிக்கு வருமுன் பழகாத கால் ஏன் பழகாமல் இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பயிற்சிகள் தவறான இடத்தில் தொடங்குவது இங்கேதான். வலதுகால்காரச் சிறுவன் ஒருவனை இடது காலால் அடிக்கச் சொல்லிவிட்டு, பந்தையும் இடது காலையும் பார்க்காமல் அவனுடைய வலது காலைக் கவனியுங்கள். பந்துக்கு அருகே பதிய வேண்டிய அந்தக் கால் ஓரடி பின்னால் பதியும். பாதம் இலக்கை நோக்காமல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். முழங்கால் மடங்காமல் விறைத்து நிற்கும். அதனால் உடம்பு பின்சாய்ந்து பந்து மேலே எழும்பிவிடும். குறை அடிக்கும் காலில் இருப்பதைவிட ஊன்று காலில்தான் அதிகம். பிறந்தது முதல் இடது காலில் ஊன்றி வலது காலால் உதைத்தே பழகியவனுக்கு, வலது காலில் ஊன்றி நிற்பதே புதிய வேலை. "இடது காலால் ஐம்பது தடவை அடி" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால், அவன் ஐம்பது தடவையும் தவறாக ஊன்றி அந்தத் தவறையே மனப்பாடம் செய்துகொள்கிறான். ஊன்று காலைத் திருத்தாத எந்தப் பயிற்சிக்கும், அது நான்கு வழிகளில் எதுவாக இருந்தாலும், பலன் பாதிதான். ஒற்றைக் காலில் நின்று கையால் பந்து பரிமாறும் சிறு பயிற்சி, ஊன்று காலின் பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து அதன் நேரே பாதத்தைப் பதிக்கச் சொல்வது போன்றவை செலவில்லாதவை. ஃபிஃபாவின் காயத்தடுப்பு வார்ம்-அப் திட்டமான 11+ இல் ஒற்றைக் கால் நிலைப்புப் பயிற்சிகள் இரு கால்களுக்கும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதை ஒழுங்காகச் செய்யும் அணிக்கு இந்த வேலையில் ஒரு பங்கு வார்ம்-அப் நேரத்திலேயே முடிந்துவிடும்.

இரு கால்களுக்கும் சமப் பயிற்சி என்ற இரண்டாம் வழிக்கு இன்றைய சிறந்த சான்று தென்கொரியாவின் சோன் ஹியூங்-மின். முன்னாள் ஆட்டக்காரரான அவருடைய தந்தை, சிறுவயதிலிருந்தே இரு கால்களையும் பயன்படுத்தும்படி மகனைக் கண்டிப்புடன் பழக்கினார். 2021-22 பருவத்தில் பிரீமியர் லீகின் அதிக கோல் விருதை முகமது சலாவுடன் பகிர்ந்துகொண்ட சோன் அடித்த 23 கோல்களில் 12 இடது காலால், 11 வலது காலால் அடிக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றுகூட பெனால்டி இல்லை. இயல்பில் அவர் வலதுகால்காரர். ஜெர்மனியின் ஆந்திரேயாஸ் பிரேமே இன்னும் வியப்பானவர். 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் இடது காலால் கோல் அடித்த அவர், 1990 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கோப்பையை வென்றுதந்த பெனால்டியை வலது காலால் அடித்தார்.

ஆய்வும் இந்தப் பக்கம் சாய்கிறது. நார்வேயில் 15 முதல் 21 வயது வரையிலான 39 ஆட்டக்காரர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை எட்டு வாரங்களுக்கு, முழு ஆட்டம் தவிர மற்ற எல்லாப் பயிற்சிகளையும் பழகாத காலால் மட்டுமே செய்யவைத்தார்கள். மற்றக் குழு வழக்கம்போல் பயிற்சி செய்தது. 2003இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, பழகாத கால் தேறியது என்பதோடு நிற்கவில்லை; பயிற்சி கிடைக்காத பழகிய காலும் சேர்ந்து தேறியது. (ஆய்வாளர்களில் ஒருவரின் பெயர் ஹாலண்ட். இன்றைய நார்வே ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்டுக்கும் அவருக்கும் முடிச்சுப் போட வேண்டாம். அந்த ஆண்டில் எர்லிங் மூன்று வயதுக் குழந்தை.) ஒரு காலைப் பழக்கும்போது மூளை கற்றுக்கொள்வதில் ஒரு பகுதி மற்றக் காலுக்கும் போய்ச் சேர்கிறது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். இடது காலுக்கு நேரம் கொடுத்தால் வலது கால் கெட்டுவிடும் என்று நம் ஊர்களில் சொல்லப்படும் அச்சத்துக்கு இது நேரான பதில்.

ஆனாலும் இரண்டாம் வழியை நம் அணிகளுக்கு அப்படியே பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. சோனுக்கு ஒரே மாணவனைப் பழக்கும் முழுநேரப் பயிற்சியாளராகத் தந்தை இருந்தார். நம் கரையில் பல தந்தையர் வெளிக்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. பயிற்சியாளருக்கோ முப்பது பேருக்கு ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன் அனுப்பும் பந்து), கார்னர், நீண்ட பாஸ், ஃப்ரீ கிக் என அனைத்தையும் இரு கால்களாலும் சமமாகச் செய்யவைத்தால், அணி ஆட்டமும் இட ஒழுங்கும் கற்க நேரம் மிஞ்சாது. ஒரு பதினேழு வயது வலதுகால் பேக் (பின்களத் தடுப்பாட்டக்காரன்) நாற்பது மீட்டர் பாஸை இடது காலாலும் கொடுக்கப் பழகுவது நல்லதுதான், ஆனால் ஒரு பருவத்தில் அவனுக்கு அது எத்தனை தடவை தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த நேரம் வேறு எதற்கோ போயிருக்க வேண்டும் என்பது தெரியும்.

நான்காம் வழி, அதாவது ஓரத்தை மாற்றி நிறுத்துவது, பெரிய அணிகளில் இன்று பரவலாக இருக்கிறது. உள்ளே வெட்டி அடிக்கும் விங்கருக்கு (ஓரத்தில் தாக்கி ஆடுபவனுக்கு) அது கோல் வாய்ப்பைத் தரும். ஆனால் அவனுக்குப் பின்னால் ஓடிவந்து வெளிப்பக்கக் கிராஸைக் கொடுக்க நல்ல பேக் ஒருவன் இருந்தால்தான் அது நடக்கும். இல்லையெனில் ஆட்டம் முழுவதும் நடுவில் குவிந்து அடைபட்டுவிடும். சிறுவர் அணியில் இது குறையை மறைக்கும் தந்திரமே தவிரத் தீர்வு ஆகாது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட அணிகளில், அதுவும் ஆள் அமைந்தால் மட்டும், முயன்று பார்க்கலாம்.

என் தேர்வு மூன்றாம் வழி. அதையும் வயதுக்கு ஏற்ப அளவு மாற்றிச் செய்ய வேண்டும். பழகாத கால் ஆட்டத்தில் எங்கே தவிர்க்க முடியாமல் தேவைப்படுகிறது என்று கவனித்தால் மூன்று இடங்கள் தெரிகின்றன: வரும் பந்தை ஏற்கும் முதல் டச், பத்துப் பதினைந்து மீட்டர் தரைப் பாஸ், பெனால்டி பாக்ஸுக்குள் ஒரே டச்சில் அடிக்கும் ஷாட். மூன்றிலும் உடம்பைத் திருப்ப நேரம் இருக்காது. இவற்றுள் முதல் டச்சே தலையாயது. இடப்பக்கம் வரும் பந்தை இடது காலால் ஏற்பவன் அடுத்த கணம் எந்தப் பக்கமும் போக முடியும். அதே பந்தை வலது காலால் குறுக்கே நீட்டி ஏற்பவனுக்கு முதுகு திரும்பிவிடும், பின்னால் நிற்கும் டிஃபெண்டரை அவனால் பார்க்கவும் முடியாது. கோல் அடிப்பது கண்ணில் படுவதால் பையன்கள் இடது காலால் ஷாட் அடிக்கப் பழகவே ஆசைப்படுவார்கள். பயிற்சியாளர் அவர்களை ஏற்கும் டச்சின் பக்கம் இழுக்க வேண்டும்.

பன்னிரண்டு வயது வரை இந்த மூன்றிலும் இரு கால்களுக்கும் சம பங்கு கொடுத்துவிடலாம். அந்த வயதில் வெற்றி தோல்வி பெரிதல்ல, உடம்பும் எளிதில் பழகும். நான்காம் எண் பந்துடன், சுவரோரமாகப் பத்து நிமிடம் ஒரு காலால், பத்து நிமிடம் மறு காலால் தட்டி ஏற்பது போதுமான தொடக்கம். பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை பயிற்சியில் பழகாத காலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவையில்லை, ஆனால் அதை வேகத்தோடும் எதிராளியோடும் சேர்த்துச் செய்ய வேண்டும். தனியாக நின்று அடிக்கும்போது வரும் இடது கால், ஆள் நெருங்கியதும் மறைந்துவிடும். ஐந்துக்கு ஐந்து சிறு ஆட்டத்தில் பழகாத காலால் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி என்று வைத்தால் பையன்களே தங்களைப் பழக்கிக்கொள்வார்கள். பழகிய காலால் தொடுவதையே தடை செய்யும் ஆட்டமும் சில இடங்களில் உண்டு. அதை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டினால் ஆட்டம் தடுமாறி, பையன்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பதினாறுக்கு மேல் இடத்தைப் பொறுத்து முடிவு செய்யலாம். நடுக்களத்தில் நான்கு பக்கமும் ஆள் சூழ நிற்பவனுக்கு இரு கால்களும் வேண்டும். ஓர பேக்குக்கு ஏற்பதும் குறும் பாஸும் போதும். கோல் கீப்பரை இந்தக் கணக்கில் பலர் சேர்ப்பதே இல்லை. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்த பிறகு, நெருக்கடியில் எந்தப் பக்கம் பந்து வந்தாலும் அந்தப் பக்கக் காலால் வெளியேற்றத் தெரியாத கீப்பர் அணிக்குப் பாரம்.

நம் மணலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடலரிப்பில் கரை சுருங்கி, தூண்டில் வளைவுகளுக்கு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்புகளுக்கு) இடையே எஞ்சியிருக்கும் மணற்பரப்பில்தான் பல ஊர்களின் ஆட்டம் நடக்கிறது. மணலில் ஊன்று கால் புதைவதால் நிலைப்பு வலுப்படும் என்பது பெரிய நன்மை. ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் தாக்கி ஆடும் பையனுக்கு எப்போதும் ஒரே கால் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் விழும். பாதி நேரத்தில் பக்கம் மாறும் வழக்கத்தைப் பயிற்சி ஆட்டத்திலும் கண்டிப்பாகப் பின்பற்றினால் இரு கால்களும் இரு நிலைகளையும் பழகும். அதோடு மணலில் பந்து உருளாது. அதனால் பையன்கள் பந்தைக் கிளப்பிக் கொடுக்கவே பழகுகிறார்கள். உள்பாதத்தால் தரையோடு அனுப்பும் பாஸைப் பழகாத கால் மணலில் கற்கவே முடியாது. அதற்குப் பள்ளித் திடலோ கோயில் வளாகத்தின் கெட்டித் தரையோ வேண்டும். வாரத்தில் ஒரு மாலையாவது அங்கே போக முடியாத அணி, அந்த ஒரு திறனில் பின்தங்கியே இருக்கும்.

பெற்றோர் சிலர் கேட்பது வேறு: இதனால் பையனுக்கு வேலையோ வருமானமோ கிடைக்குமா? அலெக்ஸ் பிரைசன், பெர்ன்ட் ஃபிரிக், ராப் சிம்மன்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளின் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, இரு கால்களாலும் ஆடத் தெரிந்தவர்களுக்கு மற்றத் திறன்கள் சமமாக இருந்தாலும் சம்பளம் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அது ஐரோப்பியக் கணக்கு. அதை நம் ரயில்வே, போலீஸ் அணிகளின் தேர்வுக்கு நேரடியாகப் பொருத்த முடியாது. ஆனால் அரை மணி நேரத் தேர்வு ஆட்டத்தில் பெயர் தெரியாத ஒரு கூட்டத்தைப் பார்க்கும் தேர்வாளருக்கு, எந்தப் பக்கம் நிறுத்தினாலும் தடுமாறாத பையன் கண்ணில் படுவான் என்பதை எந்த ஊர்ப் பயிற்சியாளரும் ஒப்புக்கொள்வார்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இயல்பான இடதுகால்காரன் அணிக்குக் கிடைத்தால் அவனுடைய வலது காலுக்கு முதல் டச்சும் குறும் பாஸும் மட்டும் போதும். ஐவரில் ஒருவரே அப்படி அமைகிறார்கள், அவனுடைய இடது கால் கிராஸையும் ஃப்ரீ கிக்கையும் கூர்மையாக்குவதே அணிக்கு லாபம். பழகிய காலில் சுளுக்கோ எலும்பு முறிவோ ஏற்பட்டு மீண்டுவரும் பையனுக்கு இரண்டாம் வழியே பொருந்தும். ஸ்பெயினின் சாந்தி கசோர்லா இடது காலைத் தேற்றிக்கொண்டது வலது கணுக்காலில் பட்ட காயத்தால்தான். பிற்காலத்தில் அவர் இரு பக்கக் கார்னர்களையும் இரு கால்களாலும் அடித்தார். ஆனால் பழகாத காலால் அடிக்கும்போது உடம்பின் முழு எடையும் காயம்பட்ட காலின் மேல்தான் ஊன்றும். ஆகவே மருத்துவர் ஒப்புதல் தந்து, அந்தக் காலில் வலியின்றி ஒற்றையாக நிற்க முடிந்த பிறகே பந்தைக் கொடுக்க வேண்டும். அதுவரை உட்கார்ந்தபடி ஏற்றுத் தட்டும் பயிற்சி மட்டும் போதுமானது.